தெரபிக்குத் திருவனந்தபுரமா, நாகர்கோவிலா, வீடா?

குழித்துறையில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தாள். அவள் மகனுக்கு இரண்டரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. ஒன்றரை வயதில் சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து சொற்களும் நின்றுவிட்டன. காது பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. மதிப்பீடு முடித்து, ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, எங்க கொண்டு போகட்டும்?"

அவள் முன்னால் நாலு வழி இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மையம், வாரம் 5 நாள், தினம் 2 செஷன், ஒரு பிள்ளைக்கு ஒரு தெரபிஸ்ட். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, செலவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒரு முறை நேரம் கிடைத்தாலே பெரிய காரியம். மாதத்தில் இரண்டு நாள் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்து மற்ற நாளெல்லாம் வீட்டில் தானே செய்வது மூன்றாவது. நாலாவது அவள் மாமியார் சொன்னது: "அங்கன்வாடியில விடு மக்ளே, பிள்ளைகளோட இருந்தா தானா பேசிடுவான்."

என் மகனுக்கு இப்போது 9 வயது. எங்கள் வீடு களியக்காவிளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். இந்த நாலையும் ஏதோ ஒரு கட்டத்தில் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். போனில் அவளிடம் சொன்னதை, அவளைப் போலவே இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் ராத்திரி தூக்கமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். செஷன் நடக்கும்போது அம்மாவோ அப்பாவோ உள்ளே இருக்கலாமா? பிள்ளையோடு வீட்டு மொழியில் பேசுவார்களா? இந்த இரண்டுக்கும் எங்கே "ஆமாம்" என்று பதில் வருகிறதோ அந்த இடம்தான், சின்ன இடமாக இருந்தாலும், முதல் இடம்.

தினசரி தனித் தெரபியிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் ஓடுவது அதற்குத்தான் என்பதால்.

"வாரம் 40 மணி நேரம் கொடுக்கணும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த எண் 1987-இல் அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 2 வருடமும் அதற்கு மேலும், தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள், அறிவுத்திறன் மதிப்பெண்ணும் சராசரியைத் தொட்டது என்று அவர் எழுதினார். அதுவரை எதுவும் செய்ய முடியாது என்று சொல்லப்பட்ட பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கையாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தக் குழந்தைக்கு இந்தப் பயிற்சி, எந்தக் குழந்தை ஒப்பீட்டுப் பிரிவில் என்பது அங்கே குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. அதட்டுவதும் சில நேரம் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியின் பாகமாக இருந்தன. 40 என்ற எண்ணைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

2010-இல் ஜெரால்டின் டாசனும் சாலி ராஜர்ஸும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரை உள்ள 48 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தரையில் உட்கார்ந்து விளையாட்டோடு விளையாட்டாகத் தெரபி, 2 வருடம். அந்தப் பிரிவின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 17 புள்ளிக்கு மேல் ஏறியது. வழக்கமான உதவி பெற்ற பிரிவில் 7 புள்ளி. சின்ன வயதில் தொடங்கும் தனித் தெரபி குழந்தையின் வளர்ச்சியை மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதே முறையைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் செய்யச் சொன்னார்கள். வேறு ஊர்களில் பெரிய அளவில் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது மொழியில் முன்னேற்றம் தெரிந்தது, மதிப்பெண்ணில் அந்த அளவு வித்தியாசம் வரவில்லை.

மணி நேரக் கேள்விக்கு நேராக வந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 87 சின்னக் குழந்தைகள். சிலருக்கு வாரம் 15 மணி நேரம், சிலருக்கு 25. தெரபி முறையும் இரண்டு விதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 25 மணி நேரப் பிள்ளைகள் 15 மணி நேரப் பிள்ளைகளைத் தாண்டிப் போகவில்லை, ஒரு முறை இன்னொன்றை ஜெயிக்கவும் இல்லை. 2024-இல் 144 ஆய்வுகளை, 9,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். மணி நேரம் கூடக்கூட பலன் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதை எங்கள் வீட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் ஒரு செஷனுக்கு 500 ரூபாய் கொடுத்தோம், 45 நிமிடம். தினம் இரண்டு, வாரம் 5 நாள். வாரத்துக்கு 5,000 ரூபாய், ஏழரை மணி நேரத் தெரபி. களியக்காவிளையில் கே.எஸ்.ஆர்.டி.சி. வண்டி பிடித்து, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி இன்னொரு வண்டி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரம் ஏழரை மணி நேரத் தெரபிக்கு 20 மணி நேரம் பஸ். ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. செஷனுக்குள் போகும்போதே அவன் களைத்திருப்பான். வீட்டுக்கு வந்தால் எனக்கு அவனோடு உட்கார்ந்து விளையாடத் தெம்பு இருக்காது. என் கணவர் ரப்பர் பால்வெட்டு வேலை. மழைக்காலத்தில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத மாதம் தெரபியும் இல்லை. ஜூன் வந்தாலே பயமாக இருக்கும். இப்படி இரண்டு மழைக்காலம் விட்டு விட்டுப் போனோம்.

அதைவிட எனக்கு மனம் ஆறாத விஷயம் வேறு. அந்த மையத்தில் பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவில் திரை போட்டிருக்கும். 45 நிமிடம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிக் கொடுப்பார்கள். "கலர் மேட்சிங் நன்றாகச் செய்தான்" என்று இருக்கும். வீட்டில் நான் சிவப்பு மூடியையும் நீல மூடியையும் வைத்துக் கேட்டால் எழுந்து போய்விடுவான். அவன் அந்த மேசையில், அந்த அக்காவிடம், அந்த அட்டைகளோடு மட்டும் செய்யக் கற்றிருந்தான். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துப்போவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சிரமம். அந்தப் பாலத்தைப் போட வேண்டியவர்கள் நாங்கள்தான். எங்களைத்தான் வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தனித் தெரபியே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளை, இரண்டே வகை உணவைத் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை, தனக்கு என்ன வேண்டும் என்று எந்த வழியிலும் சொல்லத் தெரியாத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அனுபவமுள்ள ஒருவர் அருகில் உட்கார்ந்து, காரணம் கண்டுபிடித்து, படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே தட்டித் தடவிச் செய்கிற காரியம் இல்லை அது. என் மகன் பல் தேய்க்க வாய் திறந்ததே ஒரு ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் பொறுமையால்தான். வாரம் இரண்டு நாள், பக்கத்தில், நாமும் உள்ளே உட்கார்ந்து பார்க்கும்படி கிடைத்தால் தாராளமாகப் போங்கள். தகுதியையும் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஸ்பீச் தெரபிஸ்டுக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்க வேண்டும். ஓ.டி. அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை, அவர்களிடம் பட்டப்படிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். "கையை ஆட்டுவதை நிறுத்துவோம், கண்ணைப் பார்க்க வைப்போம்" என்பதே முதல் இலக்கு என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் பலர், சின்ன வயதில் தங்களைக் கட்டாயப்படுத்திக் கண்ணைப் பார்க்க வைத்தது எவ்வளவு வேதனையாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கை ஆட்டுவது என் மகனுக்குச் சந்தோஷம் வரும்போது வருவது. அதை நிறுத்தி எனக்கு ஆகப்போவது என்ன?

அடுத்து மொழி. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிடப் பெரிய கேள்வி. வீட்டில் குமரித் தமிழ். பாறசாலையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனால் மலையாளம். தெரபி அறையில் பாதி மலையாளம், பாதி ஆங்கிலம். எங்களிடம், "ஒரே மொழியில் பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவான். எதிர்காலத்துக்கு ஆங்கிலமே நல்லது" என்று சொன்னார்கள். நம்பினோம். எட்டு மாதம் வீட்டில் "கம்", "சிட்", "கிவ்", "வாட்டர்" என்று பேசினோம். எனக்கும் கணவருக்கும் வாயில் வந்த ஆங்கிலம் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 20 சொல் இருக்கும். அதுவரை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்குட்டி, மீன்காரன், மாமரத்துக் காக்கா என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த பாட்டா, அவன் தாத்தா, "நான் பேசினா பிள்ளைக்குக் கேடுண்ணு சொல்றீங்க" என்று பேசுவதையே குறைத்துக்கொண்டார். வீட்டில் அவனோடு அதிகம் பேசிய மனிதர் அவர்தான். அந்த எட்டு மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தரமுடியாது.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மொழியால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. பெற்றோர் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசத் தொடங்கினால் பேச்சின் அளவும் குறைகிறது, கொஞ்சலும் குறைகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அதனால் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் தெரபிஸ்டிடம் முதல் நாளே சொல்லுங்கள்: நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம், முதலில் சொல்லிக்கொடுக்கும் 20, 30 சொற்கள் எங்கள் வீட்டுச் சொற்களாக இருக்கட்டும். அங்கே பலருக்குத் தமிழ் புரியும், சொன்னால் மறுக்கமாட்டார்கள். "தா", "வா", "போ" இரண்டு மொழிக்கும் பொது, கவலையில்லை. ஆனால் என் மகன் மலையாளத்தில் போதும் என்பதற்கான "மதி"யைக் கற்றுக்கொண்டு வந்து, அதைச் சொல்லித் தட்டைத் தள்ளினான். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா, "மதியச் சோறா கேக்கான்?" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டார். போதும் என்று சொன்ன பிள்ளைக்கு மறுபடி சோறு விழுந்தால் அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு? அன்று தட்டு பறந்தது. அவன் மேல் குற்றமே இல்லை.

பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்க வைத்தால் அப்புறம் பேசவே மாட்டான் என்றொரு பயமும் உண்டு. அது தேவையில்லாத பயம். படங்களும் டேப்லெட் கணினியும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு வர உதவியும் இருக்கின்றன. படத்தைத் தொட்டால் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. நாங்கள் அதற்கு முன்னால் வீட்டுச் சாமான்களை போட்டோ எடுத்து, லேமினேட் செய்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டித்தான் தொடங்கினோம்.

இனி வீட்டில் செய்யும் தெரபி. நான் இதன் பக்கம்தான் சாய்கிறேன், அதனால் இதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோவாவில் இருக்கும் சங்கத் அமைப்பும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலிருந்தவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. 2 முதல் 9 வயதுவரை உள்ள 65 குழந்தைகள். தெரபிஸ்டுகளுக்குப் பதிலாக, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் குடும்பங்களைச் சந்தித்தார்கள். மொத்தமே 12 சந்திப்பு. அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து, "இதோ பாருங்கள், இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்?" என்று பேசுவதுதான் முறை. முடிவில் பெற்றோர் குழந்தையின் போக்கோடு சேர்ந்து பேசுவது மிகவும் கூடியிருந்தது. குழந்தைகள் தாங்களாகவே தொடங்கும் தொடர்பும் கூடியிருந்தது. இந்த முறைக்கு அடிப்படையாக இருந்தது, இங்கிலாந்தில் 152 குழந்தைகளோடு நடந்த ஒரு ஆய்வு. தெரபி முடிந்து சுமார் 6 வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோதும் வித்தியாசம் கொஞ்சம் நின்றிருந்தது. 65 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் நம் ஊர் போன்ற ஊரில், நம்மைப் போன்ற குடும்பங்களில் செய்து பார்த்தது என்பதால் எனக்கு அது முக்கியம்.

அப்படி வீட்டில் என்னதான் செய்வது? எங்களுக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். மட்டிப்பழம், எங்கள் ஊர் வாழைப்பழம், என் மகனுக்கு உயிர். அதுவரை சீப்போடு மேசையில் இருக்கும், அவனே எடுத்துக்கொள்வான். அவர் சீப்பை உயரத்தில், கண்ணில் படும்படி தொங்கவிடச் சொன்னார். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். நான் பழத்தை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "பழம்" என்று ஒரு சொல் மட்டும் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். அவன் என்னைப் பார்த்தாலும் சரி, கை நீட்டினாலும் சரி, "ப" என்றாலும் சரி, உடனே கொடுத்துவிட வேண்டும். முழுப் பழம் வேண்டாம், கால் துண்டு. அப்போதுதான் நாலு தடவை கேட்பான். பட்டினி போட்டுக் கேட்க வைப்பதில்லை இது, பசிக்கும் நேரத்தில் செய்யவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊஞ்சலை ஆட்டி நடுவில் பிடித்து நிறுத்திக் காத்திருப்பது இன்னொன்று. அவன் ரப்பர் ஷீட் மெஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "இங்க வா, இதப் பாரு" என்று இழுக்காமல், நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்து, "சுத்துது... சுத்துது... நின்னுட்டு" என்று சொல்வது மூன்றாவது. கேள்வி கேட்காதே, கட்டளை போடாதே, அவன் பார்ப்பதைப் பேசு. கேட்க எளிது. நான் ஒரு நாளில் எத்தனை தடவை "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று அவனைக் குடைந்தேன் என்பது வீடியோவில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாலாவது மாதம் ஒரு சாயங்காலம் ஊஞ்சல் நின்றபோது "ஆட்டு" என்றான். பாட்டா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

குறை என்னவென்றால், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் யூடியூப் பார்த்து இதைச் செய்ய முடியாது. எது எளிது, எது கடினம், எங்கே தப்பு செய்கிறோம் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், 15 நாளுக்கு ஒரு முறையாவது. இரண்டாவது, இந்தப் பாரம் முழுக்க அம்மா தலையில் விழுந்துவிடும். பிள்ளை பேசவில்லை என்றால் "நீ சரியா செய்யல" என்று பழியும் வந்து சேரும். இதற்கு இடம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பகல் 11 மணிக்குப் பால் எடுத்து முடித்து வரும் அப்பாவுக்குக் குளியல் நேரம், பாட்டாவுக்கு ஊஞ்சல், எனக்குச் சாப்பாடு. ஒவ்வொருவருக்கும் 15, 20 நிமிடம். மற்ற நேரம் நான் அவனுக்கு அம்மா மட்டும்தான். அதுவும் அவனுக்கு வேண்டும்.

அரசு மையங்களைப் பற்றி. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு வந்தது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், காது பரிசோதனை, ஸ்பீச், பிசியோதெரபி, உளவியல், ஸ்பெஷல் எஜுகேட்டர் எல்லாம் ஒரே இடத்தில் என்பது திட்டம். கூட்டம் அதிகம், ஆட்கள் மாறுவார்கள், நேரம் குறைவு. ஆனால் தமிழில் பேசுவார்கள், நம்மை உள்ளே உட்கார விடுவார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டும் மற்றக் குறைகளை ஈடுகட்டிவிட்டன. 30 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அந்த 30 நிமிடத்தில், "அடுத்த வாரம்வரை வீட்டில் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கேயும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு, பல ஊருக்கு ஆசாரிப்பள்ளத்தைவிடப் பக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரளத்தின் வட்டார வள மையங்களான பி.ஆர்.சி.களோடு சேர்ந்த ஆட்டிசம் சென்டர்கள் இருக்கின்றன.

திருவனந்தபுரத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் இருக்கும் சி.டி.சி. என்ற குழந்தை வளர்ச்சி மையம், ஆக்குளத்தில் 1997 முதல் இருக்கும் நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம், இரண்டும் நல்ல அனுபவமுள்ள இடங்கள். 2 வயதுக்குள் வளர்ச்சி பின்தங்குகிறதா என்று பார்க்கும் 17 அம்சப் பட்டியல் ஒன்று அந்த ஊர் பெயரிலேயே இருக்கிறது, சி.டி.சி.யில் உருவானது. இந்த மாதிரி இடத்துக்கு வாரம் 5 நாள் ஓடுவதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் முழு மதிப்பீடு செய்து, திட்டம் வாங்கிக்கொண்டு வந்து, ஊரில் செயல்படுத்துவதே நமக்குச் சரி.

அங்கன்வாடி மட்டும் போதுமா என்றால் போதாது. பிள்ளைகளின் நடுவில் விட்டால் தானாகப் பேச்சு வரும் என்பது ஆட்டிசத்தில் நடப்பதில்லை. கூட இருப்பவர்களைப் பார்த்துச் செய்வதே இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய திறமை. ஆனால் தெரபியோடு சேர்த்து என்றால் நல்லது. முதலில் அரை மணி நேரம், பாட்டுப் பாடும் நேரத்துக்கு மட்டும், வீட்டிலிருந்து ஒருவர் கூட இருந்து. டீச்சரிடம் உண்மையைச் சொல்லி விடுங்கள். மறைத்தால் பிள்ளைக்கு அடம் பிடிக்கிறவன் என்ற பெயர்தான் வரும்.

ஐந்தாவதாக ஒரு வழியை யாராவது உங்களிடம் கொண்டுவருவார்கள். ஸ்டெம் செல் ஊசி, ஆக்ஸிஜன் அறை, ரத்தத்திலிருந்து உலோகம் எடுப்பது. லட்சக் கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. நிலத்தை விற்று அங்கே போகாதீர்கள்.

சித்தி மகள் போனில் திரும்பத் திரும்பச் சொன்னது, "5 வயசுக்குள்ள முடிக்கணுமாம் அக்கா, அதுக்கப்புறம் மூளை மூடிக்கிடுமாம்" என்று. இந்தப் பயத்தை வைத்துத்தான் பாதிப் பணம் நம் கையிலிருந்து போகிறது. சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதில் சந்தேகமில்லை. இரண்டரை வயதில் தெரிந்தது அவளுக்கு நல்ல காலம். ஆனால் கதவு எதுவும் 5 வயதில் மூடுவதில்லை. 4 வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாத 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2013-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் பின்னால் சொற்றொடராகப் பேசத் தொடங்கினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். என் மகன் இரண்டு சொல் சேர்த்து "பாட்டா வா" என்றது ஐந்தே முக்கால் வயதில். பேச்சே வராமல் எழுதியும் படம் காட்டியும் வாழப்போகிற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்காகச் செய்ததும் வீண் இல்லை. ஒரே தெரபியை ஒரே அளவு கொடுத்தாலும் ஒரு பிள்ளை ஓடும், ஒரு பிள்ளை நடக்கும். அதை எந்த மையமும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொல்வதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

காகித வேலையை இந்த மாதமே முடித்துவிடுவது நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாக இருக்கிறது. இசா என்ற மதிப்பீட்டை வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள், அதை வைத்து யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம். அட்டை நாடு முழுக்கச் செல்லும். மாதாந்திர உதவித்தொகை போன்றவை எந்த மாநிலத்தில் ரேஷன் கார்டு இருக்கிறதோ அந்த மாநிலத்தில்தான். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை உண்டு, தெரபிச் செலவில் ஒரு பங்கும் அதில் வாங்கலாம். பில்லை எடுத்து வையுங்கள், நாங்கள் முதல் இரண்டு வருடத்துப் பில்லைத் தொலைத்துவிட்டோம்.

சித்தி மகள் இப்போது முடிவு செய்திருப்பது இதுதான். செவ்வாய்க்கிழமை ஆசாரிப்பள்ளத்தில் ஸ்பீச், வெள்ளிக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு ஓ.டி.யிடம் ஒரு செஷன். வீட்டில் அவளும் அவள் கணவரும் மாமியாரும் ஆளுக்கொரு நேரம். மாமியாருக்குக் காலையில் முற்றத்தில் கோழிக்குத் தீனி போடும் நேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கன்வாடிக்கும் பாட்டு நேரத்துக்கு அவரே கூடப் போவார். மூன்று மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் மறு மதிப்பீடு. மாதம் முதல் தேதி ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். மாற்றமே தெரியவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவும் அதுதான் ஆதாரம்.

போன செவ்வாய்க்கிழமை முதல் தடவை போய் வந்தாள். சாயங்காலம் போன் வந்தது. "உள்ள உக்காரலாமான்னு கேட்டேன் அக்கா. உக்காரணும்னுதான் சொன்னாங்க."